எழுபதுகளின் ராக் ஆல்பங்களில் எது காப்பி, எது தெரிந்தே செய்த போலி? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

குவீன், லெட் செப்பலின் என்ற இரண்டு பிரிட்டிஷ் ராக் குழுக்களையும் ஒரே வரியில் போட்டு, ‘ரெண்டு பேரும் அடுத்தவர் இசையை எடுத்தவர்கள்தானே, ஒருவரை மட்டும் ஏன் திருடர் என்கிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். மூலம் எது என்று தெரிந்துவிட்ட பிறகு பாட்டின் ருசி கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் அது போலச்செய்தல். குறைந்தால் சுட்டது. நீதிமன்றத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மெட்டும் வரிகளும்தான் பட்டா நிலம். பாணி, தாளக்கட்டு, ஒலி எல்லாம் புறம்போக்கு, யார் வேண்டுமானாலும் உழலாம். அதனால்தான் ஒரு காலகட்டத்தையே அப்படியே தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள், நாலு சுரத்தை அறியாமல் எடுத்தவர் கோர்ட் படி ஏறினார்.

முதலில் குவீன். 1975இல் வந்த ‘எ நைட் அட் தி ஆப்பரா’. பெயரே மார்க்ஸ் சகோதரர்களின் 1935ஆம் ஆண்டுப் படத்துப் பெயர். எல்லோரும் ‘பொஹீமியன் ராப்சடி’யையே பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய பாட்டான ‘குட் கம்பெனி’ மேல்தான் மோகம். குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே, யுகுலேலே என்ற குட்டிக் கிட்டாரைத் தட்டிக்கொண்டு, வேலை வேலை என்று ஓடிக் கடைசியில் தனியாக நிற்கும் ஒரு மனிதரின் கதையைப் பாடுகிறார். பாதியில் ட்ரம்பெட், கிளாரினெட், ட்ரோம்போன் என்று ஒரு முழுப் பழைய ஜாஸ் கோஷ்டி உள்ளே வருகிறது. அதில் ஊதுகருவி ஒன்றுகூடக் கிடையாது. அத்தனையும் மேயின் கிட்டார், சிறுவயதில் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த அதே கிட்டார். அதை ஒலிக்கவைத்தது, குப்பையில் கிடைத்த சர்க்யூட்டை வைத்து குழுவின் பாஸ் கிட்டார்காரர் ஜான் டீக்கன் கட்டிய ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். ட்ரோம்போன் வழுக்குகிற இடத்தில் கிட்டார் கம்பி வழுக்குவது தெரியும். ஆல்பத்தின் உறையில் ‘சிந்தசைசர் கிடையாது’ என்று போட்டிருந்தார்கள். போடாமல் இருந்தால் யார் நம்புவார்?

அதே ஆல்பத்தில் ‘சீசைட் ராந்தேவூ’ இன்னும் குறும்பு. பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியும் டிரம்மர் ரோஜர் டெய்லரும் ஊதுகருவிகளை வாயாலேயே ஒப்பிக்கிறார்கள். நடுவில் டாப் டான்ஸ் (காலணியால் தரையில் தாளம் தட்டும் நடனம்) சத்தம் கேட்கிறதே, அது தையல்காரர்கள் ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டும் உலோகத் தொப்பியை மாட்டிக்கொண்டு மேஜையில் தட்டியது. இதில் எந்தப் பழைய பாட்டின் மெட்டையும் எடுக்கவில்லை. எடுத்தது பழைய கொட்டகை ஆட்டபாட்ட மேடையின் வாசனையை. அந்த வாசனை தெரிந்தவருக்கு இரட்டிப்புச் சந்தோஷம், தெரியாதவருக்கும் நஷ்டமில்லை.

ஸ்டாக்போர்ட்டிலிருந்து வந்த 10சிசி குழுவுக்கு இதுதான் முழுநேரத் தொழில். ‘டோனா’ (1972) ஐம்பதுகளின் டூ-வாப் (பின்னணிக் குரல்கள் அர்த்தமில்லாத அசைகளைப் பாடும் அமெரிக்கப் பாணி) பாட்டுகளைப் பார்த்துச் செய்த கேலி, பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. கேலி என்று தெரியாமலே அதைக் காதல் பாட்டாகக் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள், தப்பில்லை.

பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி கதை வேறு. ஒரு பிரெஞ்சுப் பாட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதிக் கொடுத்தார், அதை யாரும் ஏற்கவில்லை. அதே மெட்டின் உரிமையை பால் ஆங்கா வாங்கி எழுதியதுதான் ஃப்ராங்க் சினாட்ரா பாடிய ‘மை வே’. போவி சும்மா விடுவாரா? அந்தப் பாட்டின் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வரிசையை ஒட்டி ‘லைஃப் ஆன் மார்ஸ்?’ எழுதி 1971இல் ‘ஹங்கி டோரி’யில் போட்டார். கீபோர்டில் முதல் வரியை வாசித்தால் தெரியும், இரண்டிலும் பாஸ் (அடிச்சுரம்) அரைச் சுரம் அரைச் சுரமாகப் படி இறங்கும். பின்னட்டையில் ‘ஃப்ராங்கி’க்கு ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். ஒளிவுமறைவு இல்லை.

இனி பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும். 1970இல் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஆல்பத்தில் ‘மை ஸ்வீட் லார்ட்’ வந்தது. பின்னணிக் குரல்கள் அல்லேலூயாவில் தொடங்கி, ஹரே கிருஷ்ணாவுக்குப் போய், கடைசிப் பக்கம் ‘குருர் பிரம்மா குருர் விஷ்ணு’ என்று நம் பள்ளிக்கூடப் பிரேயரில் சொல்லும் சுலோகத்துக்கே வந்துவிடும். ஹாரிசன் மனதில் வைத்திருந்தது எட்வின் ஹாக்கின்ஸ் குழு பாடிய ‘ஓ ஹேப்பி டே’ என்ற தேவாலயப் பாட்டை. கேட்டவர்களுக்கு ஞாபகம் வந்ததோ, 1963இல் ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய ‘ஹீஸ் ஸோ ஃபைன்’. வழக்கு விழுந்தது, 1976இல் தீர்ப்பு வந்தது.

சங்கீதம் தெரிந்தவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது படிக்க வேண்டும். நீதிபதி ரிச்சர்ட் ஓவன் ஆப்பராக்கள் இயற்றியவர். மெட்டை இரண்டு துண்டாக வெட்டி, சுரம் எழுதிக் காட்டுகிறார். நம் சுரத்தில் சொன்னால், முதல் துண்டு ‘ப க ரி’, நான்கு தடவை. இரண்டாவது ‘ப த ஸ த ஸ’, அதுவும் நான்கு தடவை. ஆர்மோனியத்தில் வாசித்தால் அத்தனையும் மோகனத்தின் சுரங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் புதுமை எதுவும் இல்லை என்று அவரே சொல்கிறார். ஆனால் இதில் நாலு, பிறகு அதில் நாலு என்று அடுக்கிய வரிசை அபூர்வமானது என்கிறார். அதோடு, இரண்டாவது துண்டு திரும்பி வரும்போது ‘ப த ஸ த ரி ஸ’ என்று ஒரு சின்ன ரிஷபம் தொட்டுக்கொண்டு போகும். ஹாரிசன் பாட்டிலும் அந்த ரிஷபம் அப்படியே இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆழ்மனது செய்தது, ஆனாலும் மீறல் மீறல்தான் என்று முடித்துவிட்டார்.

கூத்து அதற்கப்புறம். வழக்கின் தொடக்கத்தில் ஹாரிசன் பக்கம் நின்ற மேலாளர் ஆலன் க்ளைன், பிரிந்துபோன பிறகு, வழக்குப் போட்ட கம்பெனியையே 1978இல் 5,87,000 டாலருக்கு வாங்கினார். பழைய கட்சிக்காரரிடமே நஷ்டஈடு வாங்கப் பார்த்தார். கோர்ட் அசரவில்லை. 1981இல், நீ கொடுத்த அதே தொகைதான் உனக்கு, ஒரு டாலர்கூட லாபம் கிடையாது என்றது. நடுவில் 1975இல் ஷிஃபான்ஸ் ‘மை ஸ்வீட் லார்ட்’டைப் பாடிப் பதிவு செய்தார்கள். ஹாரிசன் தன் பங்குக்கு ‘திஸ் ஸாங்’ என்று வழக்கையே கிண்டலடித்து ஒரு பாட்டுப் போட்டார்.

இந்தப் பாட்டு என் அளவுகோலுக்குள் அடங்காது. மூலம் தெரிந்த பிறகு ருசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தச் சுலோகம் வரும் இடத்தில் எனக்கு ஷிஃபான்ஸ் ஞாபகமே வருவதில்லை.

லெட் செப்பலின் விஷயத்தில் எனக்கு இந்தப் பொறுமை கிடையாது. 1976இல் வந்த ‘பிரசென்ஸ்’ ஆல்பத்தில் ‘நோபடீஸ் ஃபால்ட் பட் மைன்’ என்று ஒரு பாட்டு. எழுதியவர்கள்: குழுவின் கிட்டார்காரர் பேஜ், பாடகர் ப்ளான்ட். டெக்சஸின் பார்வையற்ற தெருப்பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் அதே தலைப்பில், அதே பல்லவியோடு 1927இல் பதிவு செய்த பாட்டு இருக்கிறது. கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன வாசிப்பு) முழுக்கப் பேஜுடையது, பிரமாதமானது, மறுக்கவில்லை. ஆனால் உறையில் ஒரு பெயரைச் சேர்க்க எவ்வளவு மை செலவாகும்? அந்த ஜான்சன் 1945இல் வறுமையில் செத்துப்போனார். ‘பிரசென்ஸ்’ வந்த அடுத்த வருஷம், 1977இல், அவருடைய இன்னொரு பாட்டை நாசா வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் வைத்து அனுப்பியது, பெயரோடு.

எல்லாவற்றிலும் அவர்களைத் திருடர் என்று சொல்ல மாட்டேன். ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ (1971) பாட்டில், மூலப் பாட்டின் ப்ளூஸ் கலைஞர் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரைப் போட்டார்கள். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டின் தொடக்கம் ஸ்பிரிட் குழுவின் ‘டாரஸ்’ பாட்டிலிருந்து எடுத்தது என்ற வழக்கு என் காதுக்குப் பலவீனமானது. அந்தக் கிட்டார் இறக்கம் நூறு பாட்டில் உண்டு, 2020இல் மேல்முறையீட்டிலும் அவர்களே ஜெயித்தார்கள். அதில் ஒரு வினோதம், ‘டாரஸ்’ இசைத்தட்டை ஒப்பிட்டுப் பார்க்க ஜூரிக்கு அனுமதி இல்லை. பதிவு அலுவலகத்தில் கொடுத்த நோட்டுத் தாளில் இருந்தது மட்டுமே கணக்கு. காகிதத்தில் எழுத முடிந்ததுதான் இசை என்பது அந்தக் காலச் சட்டம்.

போலிக்குக்கூடச் சில சமயம் பில் வரும். 1978இல் பிரிட்டிஷ் பாடலாசிரியர் நீல் இன்னஸ் ‘ரட்டில்ஸ்’ என்ற கற்பனைக் குழுவுக்காக ஒரு ஆல்பம் முழுக்க பீட்டில்ஸ் மாதிரியே பாட்டு எழுதினார். அதற்கான டிவி படத்தில் ஹாரிசனே சின்ன வேஷத்தில் தலைகாட்டுகிறார். பீட்டில்ஸ் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த ஏடிவி நிறுவனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டுகளின் வருமானத்தில் பாதியை இன்னஸ் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. பல வருஷம் கழித்து, 1994இல், பிரிட்டிஷ் ராக் குழு ஒயாசிஸின் ‘வாட்டெவர்’ பாட்டில் தன்னுடைய 1973ஆம் ஆண்டு மெட்டு ஒன்று இருப்பதை இன்னஸ் கண்டுபிடித்து, எழுதியவர்களில் ஒருவராகத் தன் பெயரையும் கேட்டு வாங்கினார். பீட்டில்ஸ் மாதிரி பாட ஆசைப்பட்ட ஒயாசிஸ், பீட்டில்ஸைப் போலிசெய்தவரிடம் போய் மாட்டியது எனக்கு இன்னும் சிரிப்பாக இருக்கிறது.

ஒரே ஒரு ஆல்பம் கேட்கத்தான் நேரம் என்றால், அமெரிக்கக் குழு ஸ்டீலி டானின் ‘ப்ரெட்சல் லாஜிக்’ (1974), முதல் பக்கம் போதும். முதல் பாட்டு ‘ரிக்கி’யின் தொடக்கப் பியானோ, ஜாஸ் கலைஞர் ஹோரஸ் சில்வரின் ‘ஸாங் ஃபார் மை ஃபாதர்’ பாட்டின் பாஸ் நடை. உறையில் அவர் பெயர் இல்லை. (சில்வரும் அந்த நடையைத் தன் அப்பாவின் ஊரான கேப் வெர்டே பாட்டிலிருந்தும் பிரேசிலிலிருந்தும்தான் பிடித்தார், அது வேறு.) அதே பக்கத்தின் கடைசியில், ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டன் 1920களில் பதிவு செய்த பாட்டு ஒன்று அவர் பெயரோடேயே வருகிறது. பழைய தட்டில் ட்ரம்பெட் உறுமும் இடத்தை குழுவின் வால்டர் பெக்கர் கிட்டாரின் குரலை மாற்றி வாசிக்க, ட்ரோம்போன் இடத்தைப் பெடல் ஸ்டீல் கிட்டார் (படுக்கவைத்து, உலோகத் துண்டால் வழுக்கி வாசிப்பது) பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் மூலத்தோடு சேர்த்து அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். ‘ரிக்கி’யை நான் இன்றும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் 1980இல் அதே குழு போட்ட ‘காச்சோ’ பாட்டுக்காக ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் வக்கீலோடு வந்து தன் பெயரைச் சேர்க்கவைத்தார் என்று படித்தபோது, கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.