எந்த ஹார்ட் டிஸ்க்கை நம்புவது? – கணினி கேள்வி பதில்

வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டது. புதிது வாங்க வேண்டும். சீகேட் பக்கமே போகாதே என்கிறார் நண்பர். வெஸ்டர்ன் டிஜிட்டல் வேண்டவே வேண்டாம் என்கிறான் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது சார்?

இரண்டு பேர் சொல்வதையும் கேட்டால் டோஷிபா மட்டும்தான் மிஞ்சும். சுழலும் ஹார்ட் டிஸ்க் தயாரிக்கிற கம்பெனிகள் இப்போது உலகத்திலேயே இந்த மூன்றுதான். மேக்ஸ்டர் 2006-லும், சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவு 2011-லும் சீகேட்டுக்குள் போய்விட்டன. ஹிட்டாச்சியின் பிரிவை 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிவிட்டது. உங்கள் நண்பருக்கு ஒரு டிஸ்க் போயிருக்கும், தம்பிக்கு வேறொன்று போயிருக்கும். ஒற்றை டிஸ்க்கை வைத்துக் கம்பெனிக்கே தீர்ப்பு எழுதுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான், விடுங்கள்.

லட்சக்கணக்கில் டிஸ்க் ஓட்டுகிறவர்கள் பேசினால் காது கொடுக்கலாம். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க பேக்கப் நிறுவனம் 2013 முதல் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எவை செத்தன என்ற கணக்கை மாடல் வாரியாக வெளியிட்டு வருகிறது. மொத்தமாகப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில்தான் போகின்றன. மாடலுக்கு மாடல் பார்த்தால் கதை வேறு. சீகேட்டின் 3 டெராபைட் மாடல் ஒன்று அங்கே கொத்துக் கொத்தாகச் செத்தது. அதே சீகேட்டின் 4 டெராபைட் மாடல் அதே இடத்தில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. அதனால் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, லேபிளில் இருக்கும் முழு மாடல் எண்ணைப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவர்களுடைய டிஸ்க்குகள் குளிரூட்டிய கூடத்தில் இரவு பகலாக நிற்காமல் சுற்றுபவை. உங்கள் மேஜைக்கடியில் தூசி தின்கிற டிஸ்க்கின் வாழ்க்கை அப்படியில்லை.

பெட்டியில் என்னென்னவோ எழுதியிருக்கிறது. எம்.டி.பி.எஃப். (பழுதுக்கும் பழுதுக்கும் இடையிலான சராசரி நேரம்) 10 லட்சம் மணி நேரம் என்றால் 114 வருடம் உழைக்குமா? வேறு எதைப் பார்த்து வாங்குவது?

உழைக்காது. அது ஒரு டிஸ்க்கின் ஆயுள் கணக்கே இல்லை. ஆயிரம் டிஸ்க்கை ஒரு வருடம் நிற்காமல் ஓட்டினால் ஏறக்குறைய ஒன்பது போகும் என்பதுதான் அந்த எண் சொல்வது. அந்த ஒன்பதில் உங்களுடையதும் ஒன்றா என்று பெட்டி சொல்லாது.

பார்க்க வேண்டியதைப் பெட்டியில் பெரும்பாலும் போடுவதில்லை. டிஸ்க் சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா என்பதுதான் அது. சி.எம்.ஆரில் தகவல் எழுதும் தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆரில் கூரை ஓடு மாதிரி ஒன்றின் விளிம்பு மேல் இன்னொன்று ஏறியிருக்கும். அதே தட்டில் கூடுதலாகத் தகவல் அடைக்கலாம், விலையும் குறையும். ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஏறி நிற்கும் தடங்களையும் திரும்ப எழுதியாக வேண்டும். இதைச் சமாளிக்க, வருவதையெல்லாம் முதலில் ஓர் ஒதுக்குப்புறத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது டிஸ்க் அதைச் சரியான இடத்துக்கு மாற்றும். அந்த ஒதுக்குப்புறம் நிரம்பிவிட்டால் போச்சு. நொடிக்கு நூற்றைம்பது மெகாபைட் வேகத்தில் போய்க்கொண்டிருந்த காப்பி, பத்து இருபதுக்கு இறங்கி நொண்டும். டிஸ்க் பழுது என்று என் மேஜைக்கு வருபவற்றில் சில இந்த ரகம்தான். பழுதே கிடையாது, பிறவிக் குணம்.

2020-ல் இது பெரிய சண்டையானது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான டிஸ்க்குகளை எஸ்.எம்.ஆருக்கு மாற்றியதை வெளியே சொல்லவில்லை. நாஸ் பெட்டிக்கென்று (பல டிஸ்க்கை நெட்வொர்க்கில் எல்லோரும் பகிர வைக்கும் பெட்டி) வாங்கியவர்கள் கண்டுபிடித்துக் கொதித்தார்கள். வழக்கு வரை போனது. அதற்கப்புறம்தான் எந்த மாடல் எந்த வகை என்று கம்பெனிகள் பட்டியல் போட்டன. வாங்குமுன் அந்தப் பட்டியலில் உங்கள் மாடல் எண்ணைத் தேடிவிடுங்கள். வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து அலமாரியில் வைக்கப் போகும் டிஸ்க் என்றால் எஸ்.எம்.ஆரே போதும். தினமும் வீடியோ வெட்டி ஒட்டுகிறவர் என்றால் சி.எம்.ஆர். தவிர வேறெதையும் வாங்காதீர்கள்.

அடுத்தது வாரண்டி. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 2 வருடம், நாஸ் வகைக்கு 3, சர்வர் வகைக்கு 5. நாஸ் வகை டிஸ்க்கை வீட்டுக் கணினியில் தாராளமாகப் போடலாம், நான் அதையே சிபாரிசு செய்வேன். சர்வர் வகை நல்லதுதான், ஆனால் படிக்கும்போதும் எழுதும்போதும் கரகரவென்று சத்தம் போடும். படுக்கையறையில் கணினி வைத்திருப்பவர் யோசிக்கவும். வாரண்டியில் உங்களுக்குக் கிடைப்பது மாற்று டிஸ்க் மட்டுமே. உள்ளே இருந்த கல்யாண ஃபோட்டோவுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவல் வைக்கும் எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறாளே என் மகள்?

பாதி சரி. விண்டோஸ் இருக்கிற இடத்தில் இன்றைக்கு எஸ்.எஸ்.டி. தவிர வேறு எதுவும் வேண்டாம். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயமும் வீட்டுக்காரர்களுக்குத் தேவையில்லை. 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும் வரை கம்பெனி உத்தரவாதம் தருகிறது. தினம் 30 ஜிபி எழுதினாலும் அதைத் தொட ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும்.

மீதிப் பாதி: எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகும். நேற்று வரை ஓடியது, இன்று கணினிக்கு அது இருப்பதே தெரியாது. சுழலும் டிஸ்க்காவது பல சமயம் முனகிவிட்டுப் போகும். எடுத்து அலமாரியில் வருடக்கணக்கில் மின்சாரமில்லாமல் போட்டு வைக்கவும் எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல. ஓட்டத்துக்கு எஸ்.எஸ்.டி., குவியலாகச் சேர்த்து வைக்க ஹார்ட் டிஸ்க் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

1 டெராபைட் டிஸ்க் வாங்கினேன். 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இரண்டும் ஒரே அளவுதான். விரல் நீள எஸ்.எஸ்.டி.யில் 16 டெராபைட் என்று அடிமாட்டு விலைக்கு விற்கிறார்களே, அதுதான் ஏமாற்று. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து அளவை மட்டும் பொய்யாகக் காட்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல், முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து குட்டை உடைத்துவிடும்.

டிஸ்க்கிலிருந்து இடையிடையே டக், டக் என்று சத்தம் வருகிறது. ஃபைல்கள் திறக்கின்றன. இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

நாள் கணக்குப் பார்க்காதீர்கள், இதைப் படித்த கையோடு காப்பி எடுக்க ஆரம்பியுங்கள். முதலில் வேறெங்கும் இல்லாதவை: ஃபோட்டோ, ஆவணங்கள். சினிமாவெல்லாம் கடைசியில். செக்டிஸ்க் மாதிரி சரிபார்க்கும் நிரல் எதையும் இப்போது ஓட்ட வேண்டாம். நோஞ்சான் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவிட்டால் இருக்கிற உயிரும் போய்விடும்.

காப்பி முடிந்த பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலைத் திறந்து பாருங்கள். மேலே நீலக் கட்டம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. நான் நிறத்தோடு நிற்கமாட்டேன். கீழே பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசி எண்ணைப் பார்ப்பேன். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது தட்டில் தகவல் வைக்கும் சிறு கட்டங்கள். சி5, படிக்க முடியாமல் ஊசலாடுபவை. சி6, சரிசெய்யவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 05-ல் ஏதோ ஒரு சின்ன எண் வந்து மாதக்கணக்கில் அப்படியே நின்றால் கண்காணித்துக்கொண்டு ஓட்டலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்குக்கு விடை கொடுத்துவிடுங்கள்.

பூஜ்யமாக இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம். கூகுள் 2007-ல் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போனவை.

அப்படியானால் இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு செய்துவிட்டால் கவலையில்லையே?

நீங்கள் சொல்லும் ரெய்டு, ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு. டிஸ்க் செத்தால் கவலையில்லை. நீங்களே தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும். வைரஸ் ஃபைல்களைப் பூட்டினாலும் இரண்டிலும் பூட்டும். விலையுயர்ந்த ஒரு டிஸ்க் வாங்க வைத்திருக்கும் காசில், நடுத்தரமான இரண்டை வாங்குங்கள். ஒன்றைக் கணினிக்குள் போட்டு, இன்னொன்றை பேக்கப் எடுத்ததும் கழற்றி வையுங்கள். முடிந்தால் வேறு வேறு மாடலாக இருக்கட்டும்.

செத்த டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்கிறான் என் மருமகன். உண்மையா?

வேண்டாம். வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் கோக்கும். படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் நடுவில் இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் மீட்பு நிலையத்தாரும் கையை விரித்துவிடுவார்கள். உள்ளே இருப்பது அவ்வளவு முக்கியம் என்றால், கரண்ட் கொடுக்காமல் அப்படியே அவர்களிடம் எடுத்துப் போங்கள். கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மருமகனையும் கூட அழைத்துப் போங்கள்.