பறவையும் குடமும்

வணக்கம் ஐயா,

நான் யாழ்ப்பாணத்தில் ஓவியம் படிக்கிறேன். அம்மம்மா போன வருடம் மோசம்போனா. அதிலிருந்து எகிப்தியக் கல்லறைகளில் வரும் மனிதத்தலைப் பறவையையும், இறகுக்கு எதிரே இதயத்தை நிறுக்கும் தராசையும்தான் வரைகிறேன். பார்க்கிறவர்கள் "இது எங்கட இல்லையே" என்கிறார்கள். பழங்குறிகளை இரவல் வாங்குவது பிழையா?

ஒரு மாணவி

அன்புத் தங்கைக்கு,

பிழையில்லை. ஆனால் அந்தப் பறவை என்ன சொல்கிறது என்று யோசித்தீர்களா? எகிப்தியர் அதை 'பா' என்றார்கள். பகலில் வெளியே பறந்து திரியும். இரவில் தன் உடலுக்கே திரும்ப வேண்டும். அது வந்தடைய உடல் வேண்டுமென்றுதான் பிணத்தை உப்பிட்டு உலர்த்தி, துணி சுற்றிக் காத்தார்கள்.

எங்கட சடங்கு இதற்கு நேரெதிர். நான் கடைக்குட்டி, அம்மாவுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். தோளில் தண்ணீர்க்குடம், சுற்று ஒன்றுக்குக் குடத்தில் ஒரு துளை கொத்துவார்கள். முதுகெல்லாம் நனைந்து குளிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாம் சுற்று முடியக் குடத்தைப் பின்னால் போட்டுடைத்து, கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன். சாம்பல் கீரிமலைக் கடலில் கரைந்தது. உயிர் திரும்பி வந்தால் இருக்க ஓர் இடமும் நாங்கள் மிச்சம் வைப்பதில்லை.

இந்த மண்ணில் எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியில் எலும்புக்கூட்டோடு மண்பாண்டங்களும் இருந்தன. மேல்வரியில் பழங்குறிகளும் கீழ்வரியில் பிராமி எழுத்தும் கொண்ட முத்திரையும் அங்கேதான் கிடைத்தது. செத்தவருக்குச் சட்டி பானை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்தவள் குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிய பல்லிபோல இவனோடு வழியெல்லாம் வந்தேன். எனக்கும் இடமிருக்கும்படி, இவனைப் புதைக்கும் தாழியை அகலமாக வனை என்கிறாள். மறுமை பற்றி அதில் ஒரு சொல்லும் வராது. அவள் கேட்பது அகலம். எத்தனை தரம் படித்தாலும் தொண்டை அடைக்கிறது.

பெண்பிள்ளைகளைச் சுடலைக்கு விடாத வழக்கத்தால் குடம் உடைவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த வழக்கம் மாறவேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் செத்தவீட்டில் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடி வாசனைச் சுண்ணம் இடித்தபோது, பேத்தியாகப் பந்தம் பிடித்து நின்றிருப்பீர்களே. பறவையை விடவேண்டாம், அதே தாளில் அந்தப் பந்தத்தையும் வரைந்து பாருங்கள். கை எப்படி நடுங்கியது, அம்மம்மாவின் முகத்தில் அந்த வெளிச்சம் எப்படி விழுந்தது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். முடிந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.