புத்தகம் சொல்வதா, டி.எம். சொல்வதா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து சனிக்கிழமை இரவுகளில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) விளையாடுகிறோம். கதையை நடத்தும் டி.எம். என் கல்லூரி சீனியர். நான் 2014 விதிப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டுத்தான் ரோக் என்ற தந்திரத் திருடன் பாத்திரம் எடுத்தேன். ஐந்தாம் லெவல் வந்ததும், ஒளிந்திருந்து அடித்தால் மட்டும்தான் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் அடிக்குக் கிடைக்கும் கூடுதல் சேதம்) என்று மாற்றிவிட்டார். அடிக்கும்போது பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் கை நழுவும் என்று இன்னொரு விதியும் சேர்த்தார். “புத்தகத்தில் அப்படி இல்லையே அண்ணா” என்றால், “என் டேபிள், என் ரூல்” என்கிறார். நான் எதிர்பார்த்தது அதிகமா?
- வாசகி, கோவை

பதில்: அதிகமே இல்லை. அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததை நம்பித்தானே ரோக் எடுத்தீர்கள்? ஸ்னீக் அட்டாக்குக்கு ஒளிந்திருக்க வேண்டும் என்று 2014 புத்தகம் எங்கேயும் கட்டாயப்படுத்தவில்லை. அட்வான்டேஜ் (இருபது பக்கப் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது) இருந்தால் போதும். அது இல்லாவிட்டாலும், உங்கள் கூட்டாளி ஒருவர் எதிரிக்கு ஐந்து அடிக்குள் தெம்போடு நின்றால் போதும், உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் (அதேபோல் உருட்டிச் சின்ன எண்ணை எடுப்பது) மட்டும் இருக்கக் கூடாது. ஒரு டர்னுக்கு ஒரு முறைதான் என்ற வரம்பும் அதிலேயே இருக்கிறது.

ஒரே அடிக்கு ஒருவர் கைநிறையப் பகடை அள்ளி உருட்டுவதைப் பார்த்து டி.எம்.கள் மிரள்வது எனக்குப் பழகிய காட்சி. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். ஐந்தாம் லெவல் ரோக்குக்குக் கூடுதலாகக் கிடைப்பது மூன்று ஆறு பக்கப் பகடை, சராசரியாக 10.5. அதே லெவலில் போர்வீரரான ஃபைட்டர் ஒவ்வொரு டர்னும் இரண்டு முறை அடிப்பார். மந்திரவாதியான விசார்ட் ஒரு ஃபயர்பால் (நெருப்புக் கோள மந்திரம்) வீசினால் எட்டுப் பகடை, சராசரி 28, அதுவும் இருபது அடி ஆரத்துக்குள் நிற்கும் எல்லோருக்கும். ரோக்குக்குப் பெரும்பாலும் ஒரே அடிதான். அது தவறினால் அந்த டர்னே போச்சு. அந்த மூன்று பகடை சலுகை இல்லை, அவருடைய கூலி.

ஆயுதம் நழுவும் விதி இன்னும் மோசம். இருபது பக்கப் பகடையில் 1 விழ 5 சதவீத வாய்ப்பு. ஒரு டர்னில் ஒரு முறை அடிக்கும் முதல் லெவல் ஃபைட்டருக்கு அவ்வளவுதான் ஆபத்து. அவரே இருபதாம் லெவலுக்குப் போய் நான்கு முறை அடிக்கும்போது, ஒரு தடவையாவது 1 விழும் வாய்ப்பு 18.5 சதவீதம். கைதேர்ந்த வீரர்தான் அடிக்கடி வாளைக் கீழே போடுவார் என்றால் அது என்ன விதி? ஃபயர்பால் வீசுபவரோ தாக்குவதற்குப் பகடை உருட்டுவதே இல்லை, எதிராளிதான் தப்பிக்க உருட்ட வேண்டும். அவருக்கு இந்தத் தண்டனை எட்டவே எட்டாது. எந்த ஹோம்ப்ரூ (குழுவே சொந்தமாகச் சேர்க்கும்) விதி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இதனால் அடி வாங்கப்போவது யார்? எப்போதும் ஒரே ஆள் என்றால் அந்த விதி வேண்டாம்.

சரி, உங்கள் சீனியர் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. இந்த விளையாட்டே ஹோம்ப்ரூவில் பிறந்ததுதான். அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னசன், ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டின் விதிகளில் தொடங்கி, தன் ‘பிளாக்மூர்’ உலகத்துக்காக அவற்றை இஷ்டம்போல் மாற்றிக்கொண்டே போனார். அதிலிருந்துதான், கேரி கைகாக்ஸும் அவரும் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட மூன்று சிறு புத்தகங்கள் வந்தன. மிச்சக் கற்பனையை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று அந்தப் புத்தகங்களே வாசகரிடம் சொல்லின. ஆனால் சில வருடங்களிலேயே அதே கைகாக்ஸ் ‘அட்வான்ஸ்டு’ பதிப்பைக் கொண்டுவந்து, எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும் ஒரே விளையாட்டாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். ஆக, உங்களுக்கும் அந்த அண்ணாவுக்கும் நடக்கும் சண்டைக்கு ஐம்பது வயதாகிறது.

வீட்டு விதிகளில் நல்லவையும் ஏராளம். காயம் ஆற்றும் மருந்தைக் குடிக்க 2014 விதிப்படி, டர்னின் முக்கிய வேலையான ஒரு முழு ஆக்‌ஷன் போய்விடும். கிடைப்பதோ சராசரி ஏழு ஹிட் பாயிண்ட் (உயிர் அளவு). சலித்துப்போன பல குழுக்கள் அதை, கூடவே செய்துகொள்ளும் சின்ன வேலையான போனஸ் ஆக்‌ஷனாக மாற்றிக்கொண்டன. 2024 புத்தகம் அதையே விதியாக்கிவிட்டது.

அதனால் விதியை மாற்றியதற்காக அவரிடம் சண்டை போடாதீர்கள். எப்போது மாற்றினார் என்பதைப் பேசுங்கள். தெரு கிரிக்கெட்டில் ஒன்-பிட்ச் கேட்ச் அவுட்டா இல்லையா என்பதை டாஸுக்கு முன்பே பேசி முடிப்போம், பந்து கைக்குப் போன பிறகு இல்லை. பாத்திரம் உருவாக்கும் முன் அவர் சொல்லியிருந்தால் நீங்கள் ரேஞ்சரோ பார்டோ எடுத்திருக்கலாம். புத்தகமே இப்படி எதிர்பார்க்கும் இடங்கள் உண்டு. ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறமை), மல்டிகிளாஸ் (ஒரே பாத்திரத்தில் இரண்டு பாத்திர வகைகளைக் கலப்பது) இரண்டும் 2014 பதிப்பில் விருப்ப விதிகள்தான். டி.எம். ஆரம்பத்திலேயே உண்டு, இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

சீனியரிடம் எதிர்த்துப் பேசக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. மற்றவர்கள் முன்னால் வேண்டாம். சனிக்கிழமைக்கு முன் தனியாக போன் போட்டு, “அண்ணா, இந்த விதி இருக்கும் என்று தெரிந்திருந்தால் நான் ரோக் எடுத்திருக்கவே மாட்டேன். பழைய விதிக்குத் திரும்புங்கள், இல்லை என்றால் வேறு பாத்திரம் எடுக்க விடுங்கள்” என்று கேளுங்கள். மேலே உள்ள கணக்கையும் சொல்லுங்கள். நல்ல டி.எம். இரண்டில் ஒன்றுக்குச் சம்மதிப்பார். இரண்டுக்கும் முடியாது என்றால், அந்தக் கேம்ப்பெயினை (தொடர்கதை ஆட்டத்தை) விட்டு விலகுங்கள். அவரோடு நட்பாக இருக்க அந்த விளையாட்டு தேவையில்லை.

கேள்வி: நான் டி.எம். ஒரு நண்பர் ‘பிளட் ஹன்டர்’ என்ற வகுப்பில்தான் (பாத்திர வகை) விளையாடுவேன் என்கிறார். இந்த விளையாட்டின் ‘டி அண்ட் டி பியாண்ட்’ இணையதளத்தில் இருக்கிறதே, அதிகாரபூர்வம்தானே என்று கேட்கிறார். மறுக்கலாமா?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: தாராளமாக. அது, இந்த விளையாட்டை ஆடிக் காட்டும் ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சியை நடத்திய மாத்யூ மெர்சர் உருவாக்கிய வகுப்பு. அடிப்படை விதிப் புத்தகத்தில் கிடையாது. தளத்தில் இருப்பதாலேயே உங்கள் மேஜையில் இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அனுமதித்துப் பார்ப்பேன். தன் ஹிட் பாயிண்டையே செலவழித்து ஆயுதத்துக்குச் சக்தி ஏற்றும் வகுப்பு அது. சக்திக்கு ஈடாக அந்த வீரர் தானே எதையோ இழக்கிறார். சில லெவல் போனதும் இருவரும் உட்கார்ந்து பேசுவோம், தேவைப்பட்டால் திருத்துவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இருபது பக்கப் பகடையில் 20 விழுந்தால் எந்தக் காரியமும் நடந்துவிடும்தானே?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை. அந்த உத்தரவாதம் தாக்குதலுக்கு மட்டும். பூட்டைத் திறக்கவோ அரசரை மயக்கவோ 20 விழுந்தாலும், திறமைக்கான எண்ணையும் கூட்டிய மொத்தம் போதவில்லை என்றால் காரியம் நடக்காது. 2022-ல் ஒரு சோதனைப் பதிப்பில் எல்லாவற்றுக்கும் நீட்டிப் பார்த்தார்கள். 2024 புத்தகத்தில் அது இல்லை. சாகக் கிடக்கும்போது உருட்டும் பகடையில் 20 விழுந்தால் மட்டும் ஒரு ஹிட் பாயிண்டோடு எழுந்துவிடலாம், அது புத்தகத்திலேயே இருக்கிறது.