நாற்பது கவுன் தைத்துத் தருபவர் எங்கே?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிறுமிகளுக்கான கவுன்களை நானே வரைந்து, தெரிந்தவர்களுக்கு விற்று வருகிறேன். சென்ற தீபாவளிக்கு எங்கள் ஊர்த் தையற்காரர் ஒருவரிடம் இருபது கவுன்கள் கொடுத்தேன். ஒரே அளவென்று சொல்லித் தந்தவை ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன. காமென்ட் (ஆடைத் தொழிற்சாலை) ஒன்றில் விசாரித்தால், ஆயிரத்துக்குக் குறைவாக எடுப்பதில்லை என்கிறார்கள். வரும் தீபாவளிக்கு நாற்பது கவுன்களாவது வேண்டும். யாரிடம் போவது? – வாசகி, ஹட்டன்

பதில்: தையற்காரர்மீது முழுப் பழியையும் போட்டுவிடாதீர்கள். அவர் ஒவ்வொரு கவுனையும் நாடாவால் அளந்து, சோக்கால் கோடிட்டு, தனித்தனியாக வெட்டியிருப்பார். ஒரு பிள்ளைக்கு ஒரு கவுன் தைக்க அது நல்ல முறைதான், இருபதுக்கு ஒவ்வாது. தொழிற்சாலையில் ஒவ்வோர் அளவுக்கும் தடித்த அட்டையில் பெட்டர்ன், அதாவது கவுனின் ஒவ்வொரு துண்டுக்குமான அளவு வடிவம், வெட்டி, துணியை அடுக்காக விரித்து, எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வெட்டுகிறார்கள். உருப்படிகள் ஒன்றுபோல இருப்பதன் இரகசியம் தையலில் இல்லை, அந்த அட்டையில் இருக்கிறது.

காமென்ட்காரர்கள் மறுப்பதற்கும் காரணம் உண்டு. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தின் வழியாகக் கிராமப்புறங்களுக்கு வந்தவை உட்பட, நம் நாட்டின் பெரும்பாலான ஆலைகள் ஏற்றுமதிக் கட்டளைகளுக்காக அமைக்கப்பட்டவை. அங்கே ஒருவர் கழுத்தை மட்டும் தைப்பார், மற்றொருவர் கையை மட்டும் பொருத்துவார்; புதிய மொடல் ஒன்று வந்தால் வரிசை முழுவதையும் மாற்றி அடுக்கி, ஆட்களின் கை பழகும்வரை காத்திருக்க வேண்டும். நாற்பது உருப்படிகள் என்றால், கை பழகுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். ஆகவே அந்தக் கதவை மேலும் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்களுக்குப் பொருத்தமானவர்கள் மூன்று முதல் எட்டு ஜூக்கி மெஷின்களுடன் (தொழிற்சாலைத் தையல் இயந்திரங்களுடன்) வீட்டிலோ கடையின் மேல்மாடியிலோ வேலை செய்பவர்கள். கட்டுநாயக்க, பியகம ஏற்றுமதி வலயங்களின் காமென்ட்களில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய பெண்கள் நம் தோட்டங்களில் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் ‘காமென்டில் எத்தனை வருடம் இருந்தீர்கள்’ என்று கேட்பதைவிட ‘எந்த ஒப்பரேஷன் செய்தீர்கள்’, அதாவது உடுப்பின் எந்தப் பகுதியைத் தைத்தீர்கள், என்று கேளுங்கள். பத்து வருடம் கொலர் மட்டுமே தைத்த ஒருவருக்கு முழுக் கவுன் ஒன்றைத் தைத்து முடிக்கத் தெரியாமல் இருக்கலாம். அது அவருடைய குறையன்று. அப்படிப்பட்ட மூவரைச் சேர்த்து வேலையைப் பிரித்துக் கொடுத்தால், தனியொரு தையற்காரரைவிட விரைவாகவும் ஒரே சீராகவும் முடியும்.

அதற்கு முன், பெட்டர்ன் மாஸ்டர் ஒருவருக்குத் தனிக் கூலி கொடுத்து, மூன்று அளவுகளுக்கு மட்டும் அட்டை வெட்டுவியுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் அளவு, நூலோட்டம் (துணியின் நூல் ஓடும் திசை), எத்தனை துண்டு வெட்ட வேண்டும், தையலுக்கு எவ்வளவு விடப்பட்டுள்ளது என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். கூலி கொடுத்தவர் நீங்கள் என்பதால் அட்டைகளும் உங்களுடையவை. வேலை முடிந்ததும் மறவாமல் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். செலவைக் கண்டு தயங்க வேண்டாம். பெட்டர்னுக்கும் மாதிரிக்குமாக 8,000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொண்டால், நாற்பது கவுன்களில் ஒன்றுக்கு 200 ரூபாய் விழும். அதே அட்டையைக் கொண்டு நானூறு தைத்த பிறகு கணக்குப் பார்த்தால் 20 ரூபாய்தான். ஒவ்வொரு மாதமும் புது மொடல் வரையும் ஆசையைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நீங்கள் வரைந்த படம் தைப்பவருக்குப் போதாது. படத்துடன் ஓர் அளவுத் தாளும் வேண்டும்: மார்பகலம், தோள், முழு நீளம், கழுத்தின் ஆழம், மடிப்பின் அகலம், ஸிப்பின் நீளம், பட்டன்களின் எண்ணிக்கை, நூலின் நிறம், எந்த இடத்தில் எவ்வளவு வேறுபாட்டை ஏற்றுக்கொள்வீர்கள் என்பவை யாவும் அதில் இருக்க வேண்டும். நான் பெட்டர்ன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், கழுத்துப் பட்டியின் அகலத்தை யாரும் குறிக்காத ஒரே காரணத்தால் ஒரு மாதிரி மூன்று முறை திரும்பி வந்தது. பிறகு அதே துணியில் ஒரு மாதிரி தைப்பித்து, ஒரு பிள்ளைக்கு அணிவித்து, ஓடவும் குனியவும் கை தூக்கவும் விட்டுப் பாருங்கள். திருப்தியானால் அதில் கையொப்பமிட்ட துண்டொன்றைக் குத்தி, இதைப் போலவே மற்றவையும் வேண்டும் என்று ஒப்படையுங்கள். முதல் ஐந்து உருப்படிகளை நாடா வைத்து அளந்து பார்த்த பின்னரே மிச்சத்தைத் தைக்கச் சொல்லுங்கள்.

துணியை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. புறக்கோட்டையிலும் மஹரகம பமுணுவயிலும் கிடைக்கும் ஏற்றுமதி மிச்சத் துணி மலிவானது. ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதே நிறம் மறுபடி வராது. எனவே நாற்பதுக்கும் வேண்டியதை ஒரே ரோலில், சேதத்துக்குக் கொஞ்சம் கூட்டியே எடுத்துவிடுங்கள். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாளில் உடுப்பு கடையில் தொங்க வேண்டும் என்றால், மாதிரி ஜூலையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: கொழும்பிலிருந்து எடுத்த துணியில் தைப்பித்த ஜெக்கட்டுகள் முதல் சலவையிலேயே சுருங்கிவிட்டன. விற்றவர் ‘நல்ல துணி’ என்றுதான் சொன்னார். – வாசகர், பண்டாரவளை

பதில்: நல்ல துணியும் சுருங்கும், குறிப்பாகப் பருத்தி கலந்த பின்னல் துணி. வெட்டுவதற்கு முன் 50 சென்றிமீற்றர் சதுரம் ஒன்றை அழியாத மையால் குறித்து, வாடிக்கையாளர் துவைப்பது போலவே துவைத்து, காய்ந்ததும் அளந்து பாருங்கள். நீளம் 47 ஆகியிருந்தால் சுருக்கம் 6 சதவீதம்; அப்போது 60 சென்றிமீற்றர் நீளம் வேண்டிய ஜெக்கட்டை ஏறத்தாழ 64 ஆக வெட்ட வேண்டும். ரோலைப் பிரித்து ஒரு நாள் தளரவிட்ட பிறகே வெட்டுங்கள், ஏனெனில் சுற்றும்போது இழுபட்ட துணி பின்னர் தானாகவே குறுகும். துணியின் கனத்தை அறிய 10 சென்றிமீற்றர் சதுரத் துண்டொன்றை நகைக்கடைத் தராசில் நிறுத்து, வரும் கிராமை நூறால் பெருக்குங்கள். 2.8 கிராம் என்றால் சதுர மீற்றருக்கு 280 கிராம்.

கேள்வி: தேயிலைக் கொழுந்து படம் அச்சிட்ட டீ-ஷர்ட் விற்க ஆசை. ஒரே படத்துக்கு இடத்துக்கு இடம் விலை மாறுகிறதே? – வாசகர், பதுளை

பதில்: அவர்கள் சொன்னது வெவ்வேறு முறைகளுக்கான விலையாக இருக்கும். ஸ்கிரீன் அச்சில் நிறத்துக்கு ஒரு சட்டகம் தயாரிக்க வேண்டியிருப்பதால், ஐந்து நிறப் படத்தைப் பத்து டீ-ஷர்ட்டில் அடிப்பது வீண் செலவு. இரு நிறத்தில் நூறு அடித்தால் அதுவே மலிவு. சப்ளிமேஷன், அதாவது தாளில் அச்சிட்ட நிறத்தை வெப்பத்தால் துணிக்கு மாற்றும் முறை, பொலியெஸ்டரில், அதுவும் வெளிர் நிறத்தில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது. சில உருப்படிகளே வேண்டுமானால் டீடீஎஃப் படலம் (படத்தைப் படலத்தில் அச்சிட்டு, வெப்பத்தால் துணியில் ஒட்டும் முறை) போதும். எதுவானாலும் ஒரு மாதிரியை வாங்கி, சில முறை துவைத்து, அச்சு உள்ள இடத்தை இழுத்துப் பாருங்கள். ஸ்கிரீன் மை வெடித்தால் அது சரியாகச் சூடேற்றப்படவில்லை. ஸ்கிரீன் அச்சில் பயன்படும் பிளாஸ்டிசோல் மைக்கு 160 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் தேவை, அயர்ன்பொக்ஸை மேலோட்டமாகத் தேய்த்தால் அது கிடைக்காது.

கேள்வி: தைக்கக் கொடுத்தால் என் டிசைனைத் திருடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பதிவு செய்யலாமா? – வாசகி, நுவரெலியா

பதில்: செய்யலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ், புதியதான ஒரு கைத்தொழில் வடிவமைப்பைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாம். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும், மேலும் இரு முறை புதுப்பிக்கலாம். ஆனால் ஒரு பருவத்தில் விற்று முடியும் கவுனுக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தப் பணத்தை உங்கள் வியாபாரக் குறிக்கு (உடுப்பில் இடும் பெயர் அல்லது சின்னத்துக்கு) செலவிடுங்கள். அதன் பதிவு பத்து ஆண்டுகள் இருக்கும், தொடர்ந்து புதுப்பிக்கவும் முடியும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிட்டால் அந்தக் குறியும் பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு பதிவுகள்.