குல்லாவைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்து மாதம். ஒன்றரை மாதத்தில் போட்ட ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சல், தொடையில் வீக்கம். இந்தக் குளிரில் மறுபடி காய்ச்சல் வந்தால் ஜன்னி கண்டுவிடும் என்று மாமியார் பயந்ததால் அடுத்த ஊசிக்குப் போகவில்லை. இனி முதலிலிருந்து போட வேண்டுமா? மூளைக்காய்ச்சலுக்குத் தனி ஊசி உண்டா?

பதில்: முதலிலிருந்து வேண்டாம் அம்மா. போட்ட ஊசி வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வருகிற புதன்கிழமையே அட்டையோடு செவிலியரிடம் போங்கள். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா, நிமோகாக்கஸ் கிருமிக்கான நிமோகாக்கல், இரண்டிலும் இரண்டாவது ஊசியை அன்றே போடலாம். நான்கு வாரம் கழித்து மூன்றாவது பென்டா. ஒன்பது மாதம் முடிந்ததும் நிமோகாக்கல் பூஸ்டர்.

நீங்கள் கேட்கும் மூளைக்காய்ச்சல் ஊசியும் இவைதான். குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் கிருமிகளில் முக்கியமான இரண்டு, ஹிப்பும் நிமோகாக்கஸும். இதே கிருமிகள்தான் நிமோனியாவும் தருகின்றன. ஹிப்புக்கான மருந்து பென்டாவுக்குள்ளேயே இருக்கிறது; தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து போடுகிறோம். நிமோகாக்கல் 2021-இல் வந்தது. இரண்டும் அரசில் இலவசம். இந்தக் கிருமிகள் சர்க்கரைப் பொருளால் ஆன போர்வையைப் போர்த்திக்கொண்டு வரும். இரண்டு வயதுக்குள் குழந்தையின் உடலுக்கு அந்தப் போர்வை சரியாக அடையாளம் தெரியாது. அதனால்தான் அதை ஒரு புரதத்தோடு இணைத்து, ஊசியாகப் போட்டுப் பழக்குகிறோம். மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமிக்கான மெனிங்கோகாக்கல் ஊசி தனி. எல்லாக் குழந்தைக்கும் அவசியமில்லை. ஆனால் நம் மலைப் பழங்குடிக் குடும்பங்கள் சிலவற்றில் இருக்கும் சிக்கிள் செல் சோகை (ரத்த அணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாமியாரின் பயம் புரிகிறது. ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் வீக்கமும் வழக்கம்தான். அப்போது ஸ்வெட்டர், கம்பளி, குல்லா என்று சுற்றி வைத்தால் சூடு வெளியேறாது. ஒரு பருத்திச் சட்டை, மெல்லிய போர்வை போதும். பாரசிட்டமாலை எடைக்கேற்ப செவிலியர் சொன்ன அளவில் கொடுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். போன முறை வலிப்போ, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகையோ இருந்திருந்தால் மட்டும், ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது வேறு காய்ச்சலுக்கு. கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்தால் கழுத்து விறைக்க வேண்டும் என்பதில்லை. பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், கீச்சென்று அழும், தூக்கினால் இன்னும் அழும். உச்சிக்குழி புடைத்திருக்கும். இங்கே இரவு பகலாகக் குல்லா போட்டிருப்பதால் அது கண்ணில் படுவதே இல்லை. காய்ச்சல் என்றால் குல்லாவைக் கழற்றி, அழாத நேரத்தில் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். புடைப்பாக இருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். சிகிச்சை தாமதமானதால், உயிர் பிழைத்தும் காது கேளாமல் போன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.