18 நாளில் ஒரு பாடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். வேதியியல் படிக்க ஆசைப்படுகிறாள். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற ஊரிலுள்ள கார்னெல் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்திருக்கிறது. பெயரைக் கேட்டதும் உறவினர்கள் வாழ்த்துகிறார்கள். விசாரித்தால் பெரிய கார்னெல் வேறு, இது வேறு என்கிறார்கள். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையோடு இணைந்த கல்லூரி என்றும் போட்டிருக்கிறது. நாங்கள் சைவக் குடும்பம். தினமும் சர்ச்சுக்குப் போகச் சொல்வார்களோ என்று அவள் பாட்டிக்குக் கவலை. என் கவலை வேறு. அங்கே ஒரு நேரத்தில் ஒரே பாடம்தானாம், மூன்றரை வாரத்தில் அதை முடித்துவிடுவார்களாம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை அப்படிப் படிக்க முடியுமா? சின்னக் கல்லூரிகள் மூடப்படுகின்றன என்றும் படிக்கிறேன். என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கே., கோவில்பட்டி

அன்புள்ள கே.,

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் 1865இல் எஸ்ரா கார்னெல் தொடங்கியது. உங்கள் மகளுக்கு இடம் கிடைத்திருப்பது அதைவிடப் பழைய கல்லூரி. 1853இல் ஜார்ஜ் போமன் என்ற மெதடிஸ்ட் போதகர் ஒரு குன்றின்மேல் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் வில்லியம் வெஸ்லி கார்னெல் என்ற இரும்பு வணிகரின் பெயரைப் பெற்றது. வெஸ்லி என்பது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பெயர். அந்த நடுப்பெயரே அவருக்கு எந்தச் சபையோடு உறவு என்று சொல்லிவிடும்.

மெதடிஸ்ட் என்பதைப் பற்றிப் பாட்டியிடம் தைரியமாகச் சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் போதகர்கள் குதிரையேறி ஊர் ஊராகப் போனார்கள். சபையின் ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென ஒரு கல்லூரி வேண்டும் என்று நினைத்தது. ஒஹையோ, இந்தியானா, இல்லினாய், ஐயோவா முழுக்கச் சின்ன ஊர்களில் கலைக் கல்லூரிகள் இறைந்து கிடப்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம். அன்று தேவாலய வழிபாடு கட்டாயம். இன்று இணைப்பு என்பது பெரும்பாலும் நிர்வாக உறவு. யுனைடெட் மெதடிஸ்ட் சபையின் பல்கலைக்கழக செனட் என்ற அமைப்பு இணைந்த கல்லூரிகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கிறது. கல்லூரியில் சாப்ளின் என்ற போதகர் ஒருவர் இருப்பார். சபை உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குச் சில உதவித்தொகைகள் இருக்கும். கார்னெலில் கிங் சேப்பல் என்று உயரமான கோபுரமும் கடிகாரமும் கொண்ட கல் கட்டடம் இருக்கிறது. கச்சேரி, கூட்டம், பட்டமளிப்புக் கால நிகழ்ச்சிகள் அங்கே நடக்கும். யார் வந்தார், யார் வரவில்லை என்று வருகைப்பதிவு எடுக்கும் வழிபாடு கிடையாது.

அந்தச் சபையின் கல்லூரிகளுக்கு ஒரு நல்ல மரபு உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கார்னெல் தொடக்கத்திலிருந்தே ஆண், பெண் இருபாலருக்குமான கல்லூரி. 1858இல் மேரி ஃபெல்லோஸ் அங்கே பட்டம் பெற்றார், ஐயோவா மாநிலத்திலேயே இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1871இல் ஹாரியட் குக் ஆண் பேராசிரியர்களுக்குச் சமமான சம்பளத்தோடு முழுப் பேராசிரியரானார். பெண் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளின் நான்கு வருடத்தைத் தீர்மானிக்கப் போவது கால அட்டவணை. 1978 முதல் அங்கே பிளாக் முறைதான், அதாவது ஒரு பிளாக்கில் ஒரே பாடம். திங்கட்கிழமை பாடம் தொடங்கும், நான்காவது வாரம் புதன்கிழமை முடியும். ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று என 18 வகுப்பு நாட்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை விடுமுறை. அடுத்த திங்கள் புதுப் பாடம். வருடத்துக்கு எட்டு பிளாக். ஒரு பாடம் நான்கு செமஸ்டர் கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) சமம்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வகுப்பு. 25 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள், மேல்நிலைப் பாடத்தில் இன்னும் குறைவு. சாப்பாட்டுக்குப் பிறகு லேப். வேறு வகுப்புக்கு ஓட வேண்டியதில்லை என்பதால் லேப் மூன்று மணிக்கு முடிந்தாலும் நாலரைக்கு முடிந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நேற்று மாலை படிகமாக வைத்ததை இன்று காலை வடிகட்டி, உருகுநிலை பார்த்துவிடலாம். செமஸ்டர் முறையில் இதற்கு அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் என்ன செய்தோம் என்பதே பாதி மறந்திருக்கும். இரவு, மறுநாள் அத்தியாயமும் கணக்குகளும். வெள்ளிக்கிழமை பெரும்பாலும் தேர்வு.

ஆகவே படிக்க முடியும், சில விதங்களில் நன்றாகவே படிக்க முடியும். எங்கே அடிபடும் என்பதையும் சொல்கிறேன்.

காய்ச்சலில் மூன்று நாள் படுத்தால் பாடத்தில் ஆறில் ஒரு பங்கு போச்சு. ஐயோவாவில் ஜனவரி, பிப்ரவரியில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, முதல் குளிர்காலத்தில் நம் பிள்ளைகளுக்கு உடம்புக்கு வராமல் இருப்பது அபூர்வம். சளி பிடித்த அன்றே பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுகிற நம் பழக்கம் அங்கே ஆகாது. மருத்துவக் காரணத்துக்கு அவகாசம் கேட்கலாம். ஆனால் பாக்கி வேலை அடுத்த பிளாக்கின் மேல் ஏறி உட்காரும், அந்தப் பாடமும் அதே வேகத்தில்தான் ஓடும்.

அடுத்தது மறதி. கால்குலஸ் ஒன்றை முதல் பிளாக்கில் படித்து, இரண்டை ஏழாவது பிளாக்கில் எடுத்தால் நடுவில் ஐந்து மாதத்துக்கு மேல் கணக்கைத் தொடாமல் போயிருக்கும். கணிதம், மொழி, ஆர்கானிக் போன்ற தொடர்பாடங்களை அடுத்தடுத்த பிளாக்கில் வைக்கவேண்டும், மிஞ்சிப்போனால் ஒரு பிளாக் இடைவெளி விடலாம். இதற்கு ஒரு எளிய வழி: ஒரு பெரிய தாளில் குறுக்கே எட்டு, நெடுக நான்கு என 32 கட்டம் போடச் சொல்லுங்கள். வேதியியல் துறையின் பாட அட்டவணையைப் பார்த்து, எந்தப் பாடம் எந்த பிளாக்கில் மட்டும் நடக்கிறது, எது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று முதலில் அவற்றை நிரப்ப வேண்டும். சின்னக் கல்லூரியில் பிசிகல் கெமிஸ்ட்ரி போன்ற பாடத்தை ஒரே ஆசிரியர் வருடத்தில் ஒரே முறை எடுக்கலாம். அதை விட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். அவர் ஆய்வு விடுப்பில் போகும் வருடம் எது என்பதைக் கேட்பதில் தவறில்லை.

மெதுவாக நடக்கும் பரிசோதனைகள் இந்த முறைக்குள் அடங்காது. ஆறு வாரம் வளர வேண்டிய செடியை மூன்றரை வாரத்தில் வளர்க்க முடியாதல்லவா? ஆசிரியர்கள் முன்கூட்டியே வளர்த்து வைத்திருப்பார்கள், மாணவர் நடுவில் வந்து சேர்வார். நீண்ட ஆராய்ச்சி வேண்டுமென்றால் கோடை விடுமுறையில் பேராசிரியரோடு செய்யும் ஆய்வுக்கு இடம் பிடிக்க வேண்டும். எம்.எஸ்., பி.எச்.டி. நினைப்பிருந்தால் இரண்டாம் வருடக் கோடையிலேயே அது நடந்துவிடுவது நல்லது.

விசா விஷயத்தில் ஒரு கணக்கு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். நான்கு பிளாக்குக்கு 16. ஒரு பிளாக்கை விட்டாலோ நடுவில் விலகினாலோ 12 மிஞ்சும். இரண்டாவதையும் விட்டால் விசா நிலைக்கே ஆபத்து. அதனால் எந்தப் பாடத்திலிருந்தும் விலகுவதற்கு முன்பாகவே சர்வதேச மாணவர் அலுவலரைப் பார்த்துவிட வேண்டும். விலகிய பின் போனால் அவர் கையில் செய்வதற்கு அதிகம் இருக்காது.

வளாக வாழ்க்கை பற்றிச் சுருக்கமாக. ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள், நாலரை ஆயிரம் பேர் கொண்ட ஊர். கிட்டத்தட்ட எல்லோரும் வளாகத்திலேயே தங்குகிறார்கள். கோல் நூலகம் கல்லூரிக்கும் ஊருக்கும் பொதுவாக இயங்கிவந்த ஒன்று. விளையாட்டில், கல்லூரிப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவு, அதாவது விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆர்வத்துக்காக ஆடுகிறார்கள். பயிற்சி மாலையில், பாடம் முடிந்த பிறகு. சேர்ந்திசை, வாத்தியக் குழு போன்றவை பிளாக்கைத் தாண்டி வருடம் முழுக்கத் தொடரும், பாடத்தைத் தவிர வேறு முகங்களைப் பார்க்க அதுதான் வழி. பஸ் வசதி இல்லை. சீடர் ராப்பிட்ஸ், ஐயோவா சிட்டி இரண்டும் காரில் அரை மணி தூரம், விமான நிலையமும் அப்படியே. அரிசி, பருப்பு, மசாலா வாங்கக் கார் வைத்திருக்கும் சீனியரின் தயவு வேண்டும். சைவச் சாப்பாடு மெஸ்ஸில் கிடைக்கும், நம் நாக்குக்கு ஏற்றபடி கிடைக்காது. குளிர்கால விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா, மெஸ் நடக்குமா, தனிக் கட்டணம் உண்டா என்பதை இப்போதே எழுதிக் கேளுங்கள்.

பணம். இந்தக் கல்லூரிகளில் அச்சிட்ட கட்டணத்தை முழுமையாகக் கட்டுபவர்கள் குறைவு. அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் முதல் வருட மாணவர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி சராசரியாகப் பாதிக்கு மேல். ஆகவே ஸ்காலர்ஷிப் தொகை பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நான்கு வருடத்தில் நம் கையிலிருந்து போவது எவ்வளவு என்பதுதான் கணக்கு. உதாரணத்துக்கு, கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து 70,000 டாலர், ஸ்காலர்ஷிப் 40,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் நீங்கள் கட்டுவது 30,000. கட்டணம் வருடத்துக்கு 4 சதவீதம் ஏறி, ஸ்காலர்ஷிப் அப்படியே நின்றால், இரண்டாம் வருடம் 32,800, மூன்றாம் வருடம் 35,712, நான்காம் வருடம் 38,740. மொத்தம் 1,37,252. முதல் வருடத்தை நான்கால் பெருக்கி 1,20,000 என்று வங்கியில் கடன் கேட்டிருந்தால் 17,252 டாலர் துண்டு விழும். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் காட்டுவது ஒரு வருடக் கணக்கைத்தான். இதில் மருத்துவக் காப்பீடு, விமானச் செலவு, கோடைக்கால வாடகை எவை சேர்ந்திருக்கின்றன என்று வரி வரியாகப் பாருங்கள். ஸ்காலர்ஷிப் நீடிக்க என்ன மதிப்பெண் சராசரி வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடப்படுவது பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதே ஐயோவாவில் மவுண்ட் பிளசன்ட் ஊரில் 1842இல் தொடங்கிய ஐயோவா வெஸ்லியன், இதே சபையின் கல்லூரி, 2023 மே மாதம் மூடப்பட்டது. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களைக் கண்டறிந்த ஜேம்ஸ் வான் ஆலன் படித்த இடம் அது. அமெரிக்காவில் வழக்கறிஞராக ஏற்கப்பட்ட முதல் பெண்ணான அரபெல்லா மேன்ஸ்ஃபீல்டும் அங்கேதான் படித்தார். அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன், இன்னொரு மெதடிஸ்ட் கல்லூரி, 2024 மே 31இல் மூடியது. சபையின் பெயர் இவற்றைக் காப்பாற்றவில்லை. சபையிலிருந்து வரும் பணம் இன்று ஒரு கல்லூரியின் செலவில் மிகச் சிறிய பங்கு.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. லாப நோக்கற்ற கல்லூரிகள் வருடந்தோறும் 990 என்ற வரிப் படிவம் தாக்கல் செய்கின்றன. புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மூன்று, நான்கு வருடப் படிவங்களை எடுத்து வரவைவிடச் செலவு தொடர்ந்து அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் துண்டு விழுந்தால் பரவாயில்லை, வரிசையாக விழுந்தால் கேள்வி கேட்க வேண்டும். அமெரிக்கக் கல்வித்துறை தனியார் கல்லூரிகளுக்கு நிதிநிலை மதிப்பெண் தருகிறது. மைனஸ் 1 முதல் 3 வரை, 1.5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஐயோவா கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஹையர் லேர்னிங் கமிஷன் தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடினால் ஏதாவது எச்சரிக்கை நிலுவையில் உள்ளதா என்று தெரியும். இவற்றோடு வேதியியல் துறைப் பக்கத்தில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பணம் குறையும் கல்லூரி முதலில் கைவைப்பது ஆசிரியர் பணியிடத்தில்தான். சேர்ந்த பிறகு மூடப்பட்டால் மாணவர்களை வேறு கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தங்கள் போடப்படும், எஃப்-1 பதிவையும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்காலர்ஷிப் அப்படியே கூட வரும் என்று எண்ண வேண்டாம்.

பதில்கள் திருப்தியாக இருந்தால் என் அபிப்பிராயம், அனுப்பலாம். ஒன்றை எடுத்தால் அதிலேயே மூழ்கிப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான முறை குறைவு. நாலைந்து பாடத்தை மாற்றி மாற்றிப் படித்தால்தான் அலுப்பு வராது என்கிற பிள்ளையாக இருந்தால் யோசிக்க வேண்டும். அதை அவளிடமே கேளுங்கள், உறவினரிடம் வேண்டாம்.

முன்பணம் கட்டிய கையோடு ஐ-20 வாங்கி, சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தேதி எடுத்துவிடுங்கள். ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. மற்றக் கல்லூரிகளில் விசா தாமதமானால் ஒரு வாரம் பிந்திப் போய்ச் சமாளிக்கலாம். இங்கே ஒரு வாரம் என்றால் 18இல் ஐந்து நாள், முதல் பாடமே கையைவிட்டுப் போகும். தாமதம் ஆகும்போல் தெரிந்தால் இரண்டாவது பிளாக்கிலிருந்து சேர முடியுமா, அதற்கேற்ப ஐ-20 தேதியை மாற்றித் தருவார்களா என்று ஜூலையிலேயே சர்வதேச மாணவர் அலுவலருக்கு எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்