அப்பம்மாவின் மோதிரத்தில் ரோசா நிறக் கல்லு, நடுவில் கறுப்பு நரம்பு: இது ரோடோனைற்றா? யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா?

கறுப்பு நரம்பு ஓடுதெண்டால் ரோடோனைற்றாக இருக்க நல்ல வாய்ப்பு. அது மங்கனீசுச் சிலிக்கேற்று. கொஞ்சம் கல்சியமும் இரும்பும் கலந்திருக்கும். ரோசா நிறம் மங்கனீசு தருவது. அந்தக் கறுப்பும் அதே மங்கனீசுதான்: வெடிப்புகளுக்குள் காற்றும் நீரும் போய் ஒட்சைட்டாக மாறியிருக்கும். சிலர் அதை அழுக்கென்று தேய்க்கப் பார்ப்பார்கள், போகாது.

குழப்பம் வருவது ரோடோகுரோசைற்றோடு. அதுவும் ரோசா, அதிலும் மங்கனீசு, ஆனால் காபனேற்று. அதன் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில், 3.5 முதல் 4 வரைதான், பேனாக்கத்தியால் கீறுப்படும். ரோடோனைற் 5.5 முதல் 6.5 வரை, கத்தி வழுக்கும். இளஞ்சூடான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ரோடோகுரோசைற் நுரைக்கும், ரோடோனைற் நுரைக்காது. மோதிரத்தில் மட்டும் இதைச் செய்து பார்க்காதேங்கோ! பொன் வேலை செய்பவர் லென்ஸ் வைத்துப் பார்த்தாலே போதும்.

யாழ்ப்பாணத்தில் கிடைக்காது. எங்கட குடாநாட்டுக்கு அடியில் இருப்பது மயோசீன் காலச் (சுமார் 50 இலட்சம் முதல் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) சுண்ணக்கல். கீரிமலையில் நிண்டு பார்த்தாலே தெரியும். ரோடோனைற்றுக்கு மங்கனீசு நிறைந்த படிவுகள் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேக வேணும். ரஷ்யாவின் யூரல் மலை, அவுஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில், சுவீடன், அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆகியவை பேர்போன இடங்கள். யூரல் கல்லைப் பெரிய பாளமாகவே வெட்டலாம். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் மனைவியின் கல்லறைப் பேழை அதில் செய்தது. ஒளி ஊடுருவும் படிகம்தான் அரிது, புரோக்கன் ஹில்லில் அப்படிச் சில வந்திருக்கின்றன. உங்கட கல்லு ஒளியை ஊடுருவ விடாவிட்டால் விலை பெரிசாக இராது.